தொடை இடுக்கு வலி: கையால் பார்த்தே சொல்ல முடியுமா?

கேள்வி: நான் 29 வயதுப் பரதநாட்டிய ஆசிரியை. ஆறு மாதங்களாக வலது தொடை இடுக்கில் ஆழமான வலி இருக்கிறது. அரைமண்டியிலிருந்து நிமிரும்போது சில சமயம் உள்ளே சொடுக்குகிறது. எக்ஸ்-ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. மருத்துவர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்தபோது கடுமையாக வலித்தது. ‘மூட்டு ஜவ்வு கிழிந்திருக்கலாம்’ என்றார். ஸ்கேன் எடுக்காமல் இப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: சந்தேகிக்க முடியும், உறுதிசெய்ய முடியாது. அவர் ‘கிழிந்திருக்கலாம்’ என்று சொன்னது சரியான சொல்.

இடுப்பு மூட்டின் கிண்ணத்தை விளிம்பு கட்டினாற்போல் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையத்துக்கு லேப்ரம் என்று பெயர். உங்கள் மருத்துவர் ‘ஜவ்வு’ என்றது இதைத்தான். எக்ஸ்-ரேயில் எலும்பின் வடிவம் தெரியுமே தவிர இந்த வளையம் தெரியாது. நம் வழக்கில் முதுகின் அடிப்பகுதி வலியையும் ‘இடுப்பு வலி’ என்றே சொல்வதால், வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்வதே பரிசோதனையின் தொடக்கம். இடுப்பின் பக்கவாட்டில் கட்டைவிரல் பின்புறமும் மற்ற விரல்கள் தொடை இடுக்கை நோக்கியும் இருக்குமாறு ஒருவர் பற்றிக் காட்டினால், வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று ஐயுற இடமுண்டு.

உங்களுக்கு வலி எடுத்தது பெரும்பாலும் ‘ஃபேடிர்’ எனப்படும் சோதனையாக இருக்கும். மல்லாந்து படுத்திருப்பவரின் தொடையை 90 பாகை மடக்கி, மறுகாலின் பக்கமாகச் சாய்த்து, தொடையை உள்நோக்கிச் சுழற்றும்போது, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி கிண்ணத்தின் முன்விளிம்பை நெருங்கி லேப்ரத்தை அழுத்துகிறது. லேப்ரம் கிழிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதில் வலிக்கும். ஆனால் கிழியாத பலருக்கும் வலிக்கும். ஆகவே வலிக்கவில்லை என்றால் கிழிசலுக்கு வாய்ப்புக் குறைவு என்று ஓரளவு துணிந்து கூறலாமே ஒழிய, வலித்ததை மட்டும் வைத்துக் கிழிந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஆடும்போது வரும் அதே வலிதானா, இடது காலிலும் அப்படியே வலிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நீங்கள் தரும் பதில், ‘ஆ’ என்று கத்துவதைவிட மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

நடையைக் கவனிப்பதும், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வதும், இரு தொடைகளின் உட்சுழற்சியை ஒப்பிடுவதும், முதுகெலும்பையும் குடலிறக்கத்தையும் சோதிப்பதும் முழுமையான பரிசோதனையில் அடங்கும். இவற்றை விட்டுவிட்டு ஒரே அசைவில் தீர்ப்புச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

எம்.ஆர்.ஐ.யும் இறுதித் தீர்ப்பு அன்று. வலியே இல்லாத பலருடைய படத்திலும் லேப்ரம் கிழிசல் காணப்படுகிறது. படமும் பரிசோதனையும் ஒத்துப்போகாதபோது, மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டு வலி தணிகிறதா என்று பார்ப்பதுண்டு. அதற்கு முன்பே அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். பிசியோதெரபியை முதலில் சில மாதங்கள் முறையாகச் செய்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காலை ஊன்றும்போதே வலித்தாலோ, இரவில் ஓய்விலும் வலித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நடனக் கலைஞர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை முறிவு ஏற்படக்கூடும். தொடக்கத்தில் அது எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். அது இல்லை என்று தெரியும்வரை அரைமண்டியையும் குதிப்புகளையும் நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடியே வகுப்பை நடத்துங்கள்.