ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே புத்தகம் வாசித்துக் காட்டி பண்டைய வரலாறு சொல்லித்தர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். என் மகளுக்கு ஐந்தரை வயதில் ஆரம்பித்தேன், இப்போது அவளுக்கு எட்டு. ஆனால் முதல் மாதம் முழுக்கச் சொதப்பினேன். அதிலிருந்தே சொல்கிறேன்.

வரலாறு என்றால் வரிசையாகத்தானே போக வேண்டும் என்று, ஆதிமனிதன், வேளாண்மை, இன்றைய இராக்கின் தெற்கில் இருந்த சுமேரியா என முதல் பக்கத்திலிருந்து பிடித்தேன். "கி.மு. 3000 வாக்கில்" என்று நான் வாசிக்கிறேன், அவள் தலையணை உறையில் நூல் பிரித்துக்கொண்டிருக்கிறாள். தப்பு அவளுடையது இல்லை. அந்த வயதில் போன வருஷமே வெகுதூரம். மூவாயிரமும் முப்பதாயிரமும் ஒன்றுதான்.

சரி என்று அந்த நூலையே பிடித்துக்கொண்டேன். ஒரு நூல்கண்டு, ஒரு ஸ்கேல். பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. அவள் வயது அரை சென்டிமீட்டர், பாட்டியின் வயது ஆறரை. எகிப்து ராணி கிளியோபாட்ரா இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டி வந்தார். கி.மு. 2560 வாக்கில் கட்டிய, எகிப்தின் கீசாவில் உள்ள பெரிய பிரமிடுக்கு நாலரை மீட்டருக்கு மேல் வேண்டியிருந்தது. நூல் கதவைத் தாண்டிப் போய்விட்டது. அவள் நூலை ஒட்டி இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, "அப்போ கிளியோபாட்ராவுக்கே பிரமிடு ரொம்பப் பழசா?" என்றாள். ஆமாம், பிரமிடைவிட நமக்குத்தான் அவர் பக்கம். உண்மையைச் சொன்னால் எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது.

அதற்கப்புறம் வரிசையை விட்டுவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ராஜாக்களிடமிருந்து வேண்டாம், கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். எங்களுக்கு அது ஒரு களிமண் பலகை. ஏறக்குறைய கி.மு. 1750இல், இன்றைய இராக்கில் இருந்த 'ஊர்' என்ற பெயருடைய நகரத்து வியாபாரி ஏயா-நாசிருக்கு நன்னி என்பவர் அனுப்பிய புகார்க் கடிதம் அது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமானதைக் கொடுத்தாய், நான் அனுப்பிய ஆளையும் மதிக்கவில்லை என்று நன்னி அதில் பொரிந்து தள்ளியிருக்கிறார். இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏமாற்றப்பட்ட கோபம் ஆறு வயதுக்கு நன்றாகவே புரியும். மறுநாள் களிமண்ணைத் தட்டையாக்கி, குச்சி முனையால் ஆப்பு ஆப்பாக அழுத்தி, அண்ணன் மேல் ஒரு புகார் 'எழுதி' என்னிடம் வாசித்துக் காட்டினாள். இதற்குப் பிறகு சுமேரியாவை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை, அவளே கேட்டாள்.

வாசிப்பது பத்து நிமிடம் போதும். குறுக்கே கேள்வி வந்தால் புத்தகத்தை மூடுங்கள். எங்கள் வீட்டில் பாதி நாள் இரண்டு பத்திகூடத் தாண்டாது. புத்தகம் வேறு மொழியில் இருந்தால் வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பக்கத்தை முன்னாடியே படித்து வைத்துக்கொண்டு உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள்.

முன்னாடியே படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மம்மி செய்யும்போது மூளையை மூக்கு வழியாக எடுப்பார்கள் என்று பயந்து பயந்து வாசித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் தைரியத்தில் ஒருநாள் ராத்திரி இத்தாலியின் பொம்பெயி நகரக் கதையைத் திறந்தேன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து மூடிய ஊர். சாம்பல் இறுகிப்போய், உள்ளே இருந்த உடல்கள் மக்கியதும் வெறும் பள்ளம் மிஞ்சியது. அதில் சாந்து ஊற்றி உருவங்களை எடுத்தார்கள். அப்படி எடுத்ததில் ஒரு நாயும் உண்டு. சங்கிலியில் கட்டியிருந்த நாய், முறுக்கிக்கொண்டு கிடக்கும். படத்தைப் பார்த்ததும், "யாராவது அவிழ்த்து விட்டிருக்கலாமே" என்று அழ ஆரம்பித்தவள் தூங்க மணி பதினொன்று. அன்றிலிருந்து எரிமலையும் போரும் பகல் நேரத்துக்கு மாறிவிட்டன.

பழைய புத்தகங்களில் சில விஷயங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க முடியாது. சாட்டையடி வாங்கிய அடிமைகள் பிரமிடைக் கட்டினார்கள் என்று படம் போட்டிருக்கும். கீசாவில் தொழிலாளர்களின் குடியிருப்பையும், பிரமிடுக்குப் பக்கத்திலேயே மரியாதையோடு புதைத்த அவர்களுடைய கல்லறைகளையும் தோண்டி எடுத்த பிறகு ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. அந்த இடம் வந்ததும் "இது தப்பாம்" என்று நிறுத்திச் சொன்னேன். புத்தகமே தப்பு செய்யுமா என்று அவளுக்கு ஒரே குஷி.

இப்போது ஒவ்வொன்றுக்கும் "கதையா, நிஜமா, ஒருவேளையா?" என்று கேட்கிறாள். கிரேக்கக் கதைகளில் வரும் டிராய் ஊர் நிஜம், வீரர்கள் ஒளிந்துகொண்டு அதற்குள் நுழைந்த மரக்குதிரை கதை, நடுவில் அந்தப் போர் ஒருவேளை. சிந்துவெளி முத்திரைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, இன்னும் யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை என்றேன். நம்பாமல் அப்பாவிடம் போய் மறுபடி கேட்டாள்.

இதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்றால், பாதி இருக்காது. பெரிய பிரமிடு யாருக்காகக் கட்டியது என்று போன வாரம் கேட்டேன். கூஃபு என்ற பெயர் வாயில் வரவில்லை. ஆனால் அண்ணன் நல்ல கிரேயான்களை வைத்துக்கொண்டு உடைந்ததை நீட்டியபோது, "போடா ஏயா-நாசிர்!" என்று கத்தினாள்.