தூர வீச்சு ஒன்றை நம்பிக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: எனது மகனுக்கு 17 வயது. உயரம் 5 அடி 10 அங்குலம். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் முதலாம் ஆண்டு படிக்கிறான். கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் தவறுவது அரிது. மற்ற விடயங்களில் சாதாரண ஆட்டக்காரன்தான் என்று அவனுடைய பயிற்றுநர் ஒளிக்காமல் சொல்கிறார். ஐரோப்பாவில் ஒரு தொழில்முறைக் கழகத்தின் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் 18 இலட்சம் ரூபாய் கேட்கிறார். எங்களிடம் இருக்கும் ஒரே காணித்துண்டை ஈடு வைத்தால் அந்தப் பணம் வரும். இந்த ஒரு திறமை அவனுக்குத் தொழிலாக நிலைக்குமா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புள்ள அம்மா, காணி உறுதியை எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். மகனின் திறமையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு முதலில் வருகிறேன்.

ஒரே திறமையை வைத்துக்கொண்டு தொழில்முறைக் கூடைப்பந்தில் நீண்ட காலம் நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கரான கைல் கோர்வர் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் 2003ஆம் ஆண்டு வீரர் தெரிவில் 51ஆவதாக எடுக்கப்பட்டவர். எடுத்த அணியே அவரைப் பணத்துக்குப் பிலடெல்பியா அணியிடம் விட்டுவிட்டது. அந்தப் பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு அலுவலகத்துக்கு ஒரு போட்டோகொப்பி இயந்திரம் வாங்கினார்கள். அப்படி விற்கப்பட்டவர் 17 பருவங்கள் ஆடினார். 2009-10 பருவத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளி வீச்சுகளில் 53.6 வீதம் வளையத்துக்குள் விழுந்தன. என்பிஏ வரலாற்றில் ஒரு பருவத்துக்கான சாதனை அது.

உங்கள் மகனும் இந்தக் கதையைக் கேட்டிருப்பான். ஆனால் கோர்வரின் உயரம் 6 அடி 7 அங்குலம் என்பதை யாராவது அவனுக்குச் சொன்னார்களா? அந்த உயரத்தில் நின்று எறிபவரின் பந்தை மறிப்பது எளிதல்ல. அதைவிட முக்கியமான விடயம், அவர் ஓரிடத்தில் காத்து நின்று எறிந்தவர் அல்லர். பந்து தன் கையில் இல்லாத நேரம் முழுவதும் ஓடிக்கொண்டே இருப்பார். சக வீரரின் தோளை உரசிக்கொண்டு வளைந்து வருவார். பந்து வந்து சேருமுன்பே முழங்கால் மடிந்திருக்கும், பாதங்கள் வளையத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். பிடித்த பிறகு செய்ய வேண்டியது கையை உயர்த்துவது மட்டும்தான். நாம் ஒரு திறமை என்று சொல்வதற்குள் ஓட்டம், கால் வைப்பு, மூச்சு, சக வீரர் எங்கே நிற்பார் என்ற கணிப்பு எல்லாம் இருக்கின்றன. மாலையில் தனியாக நின்று 50 பந்தில் 40 போடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளையைத் திடலின் இரு முனைக்கும் நான்கு தடவை ஓடவிட்டு, முகத்துக்கு முன்னால் ஒரு கையை நீட்டிப் பிடித்தால், 40 என்பது 15க்கு இறங்கிவிடும்.

இனித் தடுப்பாட்டம். பெரும்பாலான பிள்ளைகளின் கனவு உடைகிற இடம் இதுதான். கூடைப்பந்தில் ஐந்து பேரும் தாக்க வேண்டும், ஐந்து பேரும் தடுக்க வேண்டும். உங்கள் மகன் தடுப்பதில் பலவீனம் என்று எதிரணிக்குத் தெரிந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? அவன் காவல் காக்கும் ஆளை முன்னே அழைத்து வந்து, தங்கள் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு மறைப்பு வைப்பார்கள், அதாவது அவரைக் காப்பவரின் வழியில் உடலால் குறுக்கே நிற்க வைப்பார்கள். இரண்டு காவலரும் இடம் மாற வேண்டி வரும். அடுத்த நொடி அந்தச் சிறந்த ஆட்டக்காரருக்கு முன்னால் உங்கள் மகன் தனியாக நிற்பான். இதை ஒருமுறை செய்து விடமாட்டார்கள், ஆட்டம் முழுவதும் செய்வார்கள். அவன் ஒரு முனையில் போடும் மூன்று புள்ளி மறுமுனையில் நான்காகக் கழியும்போது எந்தப் பயிற்றுநரும் அவனை வாங்கில் உட்கார வைத்துவிடுவார்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் ஜிம்மர் பிரடெட் 2010-11 பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். 2011இல் என்பிஏ தெரிவில் 10ஆவதாக எடுக்கப்பட்டார். எங்கிருந்தும் எறிவார், விழும். இருந்தும் என்பிஏயில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. தடுப்பில் அவரைக் குறிவைத்தார்கள். பிறகு சீனாவுக்குப் போய், ஷங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தார். அங்கே நல்ல பெயரும் நல்ல சம்பளமும் கிடைத்தன. ஆகவே ஒரு திறமை தோற்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்தப் படியில் நின்றால் அது போதும் என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் உறுதி. தூர வீச்சு உங்கள் மகனுக்குக் கதவைத் திறந்துவிடும். மற்ற எல்லாவற்றிலும் சராசரிக்குக் கீழே போகாமல் இருந்தால்தான் கதவுக்கு உள்ளே இருக்க விடுவார்கள்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்வார்கள்: தர்ஜினி சிவலிங்கம். நம் மண்ணின் பிள்ளை. 208 சென்டிமீற்றர் உயரம். 2011 உலகப் போட்டியில் சிறந்த எறிவாளர் என்று பெயர் எடுத்தவர், 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தூண், அவுஸ்திரேலியாவில் கழக மட்டத்தில் ஆடியவர். உயரமும் குறி தவறாத எறிதலும் மட்டும் வைத்து அவர் உலகை வெல்லவில்லையா என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவரை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அவர் ஆடியது வலைப்பந்து. அந்த ஆட்டத்தின் விதிகளைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். ஏழு பேருக்கும் ஏழு பணி, ஏழு எல்லை. கோல் எறிபவர் தன் பகுதியைத் தாண்டிப் போகவே முடியாது, போக வேண்டிய தேவையும் இல்லை. எதிரணியின் எறிவாளரைக் காவல் காக்கும் வேலை அவருக்குக் கிடையாது, அதற்கென்று மறுமுனையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வேலையும் இல்லை, விதியே அதை அனுமதிப்பதில்லை. தடுப்பவர் மூன்று அடி தள்ளி நின்றுதான் கையை உயர்த்தலாம். வளையத்தின் உயரம் மட்டும் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றே, 3.05 மீற்றர். ஒரு திறமையை ஒரு பதவியாகவே ஆக்கி வைத்திருக்கும் ஆட்டம் வலைப்பந்து. அங்கேகூட, முன்னால் நிற்கும் தடுப்பாளரைத் தாண்டி உயரப் பந்தைப் பிடிக்கும் கலையைத் தர்ஜினி வருடக்கணக்கில் வளர்த்தெடுத்தார். உயரம் மட்டுமே கூடைப்பந்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பஞ்சாபின் சத்னம் சிங் சாட்சி. 7 அடி 2 அங்குலம். 2015இல் என்பிஏ தெரிவில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

இப்போது அந்த 18 இலட்சத்துக்கு வருகிறேன்.

தொழில்முறை விளையாட்டில் பணம் ஒரே திசையில்தான் ஓடும். கழகம் வீரருக்குக் கொடுக்கும். அதில் ஒரு சிறு பங்கு முகவருக்குப் போகும், வழக்கமாகச் சம்பளத்தின் 10 வீதத்துக்குள். பல நாடுகளில் அந்தப் பங்கையும் கழகமே கொடுத்துவிடும். என்பிஏயில் வீரர்களின் சங்கம் அதை 4 வீதத்துக்குள் கட்டி வைத்திருக்கிறது. முகவருக்குப் பணம் வேண்டுமென்றால் முதலில் உங்கள் மகனுக்குச் சம்பளம் வர வேண்டும். சம்பளம் வருமுன்பே வீட்டு வாசலுக்கு வந்து பணம் கேட்பவர் விளையாட்டு முகவர் அல்லர். அவர் விற்பது பயணச்சீட்டும் ஓர் அழைப்புக் கடிதமும்தான். அந்தக் கடிதமும் பல வேளைகளில் பொய்.

என்னிடம் பயின்ற ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தாயின் தாலிக்கொடி உட்பட வீட்டு நகை முழுவதும் அடகுக்குப் போயிற்று. மார்கழிக் குளிரில், நாம் மழைக்குப் போடும் மெல்லிய ஜாக்கெட்டுடன் ஒரு நகரத்தில் போய் இறங்கினான். கடிதத்தில் இருந்த முகவரியில் விளையாட்டுக் கூடம் இருந்தது. அங்கே இருந்த கழகத்துக்கு அவன் யாரென்று தெரியவில்லை. கடிதத்தின் கீழே கையெழுத்திட்டிருந்தவர் என்று யாருமே அங்கே இல்லை. அந்தக் கழகத்தின் பயிற்றுநர் இரங்கி அரை மணி நேரம் எறிந்து காட்டச் சொன்னாராம். நன்றாகவே எறிந்தான். கைகொடுத்து வாழ்த்தி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் இன்றுவரை பந்தைத் தொடவில்லை. அந்த முகவர் அடுத்த ஊரில் இதையே செய்துகொண்டிருந்தார். முறைப்பாடு கொடுக்கப் போன தகப்பனிடம், நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

உங்களிடம் வந்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபீபாவின் முகவர் அனுமதிப்பத்திரம் அவரிடம் இருக்கிறதா? அது பரீட்சை எழுதி, தனிநபர் பெயரில் பெறுவது. கம்பனிப் பெயர் சொல்லித் தப்ப முடியாது. அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியலை ஃபீபா தன் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறது. உங்கள் மகனே கைபேசியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவான். பெயர் இல்லையென்றால் பேச்சு முடிந்தது. பெயர் இருந்து, அப்போதும் முற்பணம் கேட்டால், அதே பதில்தான்.

இன்னொன்று. உங்கள் மகனுக்கு 17 வயது. 18 நிறையாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற, சில விதிவிலக்குகளைத் தவிர, ஃபீபா விதி இடம் கொடுப்பதில்லை. 18 நிறைந்த பிறகும் நம் நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அங்கே பதிவு செய்ய முடியாது. இந்த இரண்டையும் சொல்லாமல் ஒருவர் உங்களிடம் பணம் கேட்கிறார் என்றால், ஒன்றில் அவருக்கு விதி தெரியாது, இல்லையேல் தெரிந்தே மறைக்கிறார். அமெரிக்கக் கல்லூரிப் புலமைப்பரிசில் என்று சொல்லி வருபவர்களும் இப்படித்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏயின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் தருவதே இல்லை. அந்தக் கல்லூரிகளின் பெயரைக் காட்டி இங்கே பணம் வாங்குகிறார்கள்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆண்டு முழுவதும் சம்பளம் தந்து வாழவைக்கும் லீக் ஒன்று இல்லை. படைகளின் அணிகள் இருக்கின்றன, வர்த்தக நிறுவன அணிகள் இருக்கின்றன; அங்கே வேலையோடு ஆட்டம் கிடைக்கும். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டு முதலிய துறைகளில் அசாதாரணத் திறமை உள்ளோருக்கு 0.5 வீதம் வரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும், தேசிய மட்டச் சான்றிதழ் பலமாக இருக்க வேண்டும். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். ஆனால் இந்தச் சான்றிதழ்களுக்காக நம் பிள்ளைகள் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், விடிய இறங்கி, தூங்காத கண்ணோடு ஆடவேண்டியிருக்கிறது. அங்கே உள்ளரங்கில் பயின்றவர்களோடு, வெயிலில் சீமெந்துத் தரையில் பயின்ற நம் பிள்ளைகள் மோதுகிறார்கள். மழை பெய்தால் பயிற்சி இல்லை, ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் இல்லை. சனியும் ஞாயிறும் ரியூஷன். எத்தனை வருடமாக எத்தனை பேர் எழுதிக் கொடுத்தோம்! நல்ல தரையும் நான்கு விளக்குக் கம்பமும் இருந்தால் இந்த முகவர்களின் வாயிலிருந்து பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்றலாம்.

அணிக்கு மூவர் ஆடும் கூடைப்பந்தான மூவர் ஆட்டத்தையும் மகனுக்கு அறிமுகப்படுத்துங்கள். அரைத் திடலில், 10 நிமிடம், 12 நொடிக்குள் எறிய வேண்டும். வளைவுக்குள்ளே ஒரு புள்ளி, வெளியே இரண்டு. தூர எறிவாளருக்கு அங்கே மதிப்பு அதிகம். தோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டமும்கூட.

இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு மகனோடு திடலுக்குப் போங்கள். வளையத்தின் நடுவுக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கோடு வரை அளவுங்கள். 2010இல் சர்வதேசக் கோடு 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப் போடப்பட்டது. இங்குள்ள சில திடல்களில் பழைய கோட்டின் மேலேயே இன்னும் வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். அரை மீற்றர் குறைவாக இருந்தால், புதிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து நூறு பந்து எறியச் சொல்லுங்கள். பத்துப் பந்துக்கு ஒருமுறை திடலை இரண்டு தரம் ஓடி வரட்டும். தம்பியோ நண்பனோ முன்னால் வந்து கையை உயர்த்தட்டும். விழுந்ததை நீங்களே ஒரு கொப்பியில் குறியுங்கள். அதே கொப்பியோடு மகனின் பயிற்றுநரிடம் போய், தடுப்பாட்டத்தில் முதலில் எதைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். ஒளிக்காமல் பேசுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் சொல்வார்.