மாமாவும் ஊசியும்

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. போன மழைக்காலத்தில் ஃப்ளூ வந்து பத்து நாள் படுத்துவிட்டார். தடுப்பூசி போடலாம் மாமா என்றால், “கொரோனா ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தது போதும்மா” என்று எழுந்து போய்விடுகிறார். என்ன செய்வது?
– ஒரு மருமகள், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அவர் பட்டதைத்தானே சொல்கிறார்? “ஆமாம் மாமா, கஷ்டமாகத்தான் இருந்தது” என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். இந்த ஊசிக்கும் கை வலிக்கலாம், ஓரிரு நாள் உடம்பு சுடலாம். ஆனால் ஊசியால் ஃப்ளூ வராது, அதில் உயிருள்ள கிருமி இல்லை. இரண்டு நாள் பெரிதா, பத்து நாள் பெரிதா? டாலி எழுதியவருக்கு இந்தக் கணக்கை நாம் சொல்லித்தர வேண்டாம்.

வயதும் சர்க்கரையும் சேர்ந்த உடம்பில் ஃப்ளூ சட்டென்று நிமோனியாவாக முற்றிவிடலாம். காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. ஊசி போட்டாலும் சிலருக்கு ஃப்ளூ வரும்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கும் அளவுக்கு முற்றுவது குறையும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும். பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஐப்பசி அடைமழைக்கு முன்பே, புரட்டாசியில் முடித்துவிடுங்கள்.

சரி, அவரை எப்படிக் கிளப்புவது? ராயபுரத்தில் இருக்கும் என் பெரியப்பாவிடம் மூன்று வருடம் கெஞ்சினேன். விளக்கம், படம், அழுகை, எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் கல்மண்டபம் டீக்கடையில் அவருடைய கூட்டாளி சட்டைக் கையைச் சுருட்டி, “நேத்து போட்டேன் நைனா, எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு” என்று காட்டியிருக்கிறார். மறுநாள் காலை எட்டு மணிக்கே பெரியப்பா கிளினிக் வாசலில் நின்றார்! உங்கள் மாமாவுக்கும் அப்படி ஒரு கூட்டாளி இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டுப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ, முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறியது என்றாலோ மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலாக இருந்தால் தணிந்த பிறகு போகலாம். பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பில்லை மட்டும் மாமா கண்ணில் காட்டாதீர்கள்.

அப்புறம், பத்தியம் உண்டா என்று கட்டாயம் கேட்பார். கிடையாது. அன்றைக்கே குளிக்கலாம், கருவாட்டுக் குழம்பும் சாப்பிடலாம்.