பழைய வானில் சைலன்சர் சூட்டால் வயரும் ஹோஸும் கருகுகின்றன. ஹீட் ராப் சுற்றினால் போதுமா?

எந்த வகை வான் என்று கேள்வியில் சொல்லவில்லை. முன் சீட்டுக்குக் கீழே எஞ்சின், ஹயர் (வாடகை) ஓடுகிறது, உங்களிடம் வருவதற்கு முன் இரண்டு மூன்று கை மாறியிருக்கிறது என்று நானாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அநேகமாக டொல்பினாக (பழைய டொயோட்டா ஹயஸ்) இருக்கும். புது வாகனக்காரர் இப்படிக் கேட்க மாட்டார். நேரே கொம்பனிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

உடனடிப் பதில் வேண்டுமென்றால்: ராப் (குழாயில் சுற்றும் சூடு தாங்கும் துணி) வாங்க இப்போதே ஓடாதீர்கள். முதலில் கீழே படுத்து, எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மெனிபோல்டையும் அதிலிருந்து போகும் முன்குழாயையும் மூடி ஒரு மெல்லிய தகரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. அது இருந்த இடத்தில் துருப்பிடித்த போல்ட் ஓட்டை மட்டும் இருக்கும்.

அந்தத் தகரம்தான் ஹீட் ஷீல்ட். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வயிறு எரியும். நம் ஊர்க் கராஜ்களில் மெனிபோல்ட் கேஸ்கட் மாற்றக் கழற்றுவார்கள், போல்ட் முறியும், "இது சும்மா தகரம் அண்ணே, இல்லாட்டியும் ஓடும்" என்று மூலையில் எறிந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று ஓட்டுபவரே பிடுங்கச் சொல்வார். சத்தம் நின்றுவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். பல மாதம் கழித்து வயர் கருகும்போது பட்டரியைக் குறை சொல்வார்கள், வயரைக் குறை சொல்வார்கள், சீனாச் சாமான் என்பார்கள். தகரம் யாருடைய ஞாபகத்துக்கும் வராது.

என்னுடையது பெற்றோல் வான். நான் வாங்குவதற்கு முன்பே யாரோ முன்குழாயை உள்ளூரில் வளைத்து ஒட்டியிருந்தார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே தரத்தில் பிடிக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வரும் வழியில் ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை மணித்தியாலம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலைப்பட்டால் யானை ரோட்டுக்கு வரும் என்பது அந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். பின்னால் பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம், "அண்ணே, கொஞ்சம் ஓரமாய் நிறுத்துங்கோ" என்று கேட்கும்போது, எஞ்சினை அணைக்கவே கை வராது.

டவுனில் ஒரு கராஜில் பட்டரி என்றார்கள். புதுப் பட்டரி போட்டோம். பிறகு எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரான ஸ்டாட்டர் என்றார்கள். ரீகண்டிஷன் ஸ்டாட்டர் ஒன்று வந்தது, அதுவும் சூடானால் அதே "டக்". அடுத்தது எர்த் வயர் என்று தொடங்கியபோது காசைக் கொடுத்துவிட்டு வானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எந்தக் கராஜ் என்று கேட்காதீர்கள்; திருமலை சின்ன ஊர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும்.

வீட்டு முற்றத்தில் ஜக் வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, டோர்ச்சோடு நானே கீழே போனேன். ஸ்டாட்டரின் சொலனோயிட்டுக்கும் (அதை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச்) குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் வைக்கலாம், இரண்டாவது விரல் போகாது. சொலனோயிட்டுக்கு வரும் வயரின் மேலுறை ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறி, விறகுச் சுள்ளிபோல விறைத்திருந்தது. நகத்தால் தட்டினேன், உதிர்ந்து கண்ணில் விழுந்தது. மறுபக்கம் அதே வயர் புதிதுபோல வளைந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காலையில் பிடிக்கிற எஞ்சின், ஓடி நிறுத்தியதும் ஏன் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஓடும்போது காற்று அடிக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, தண்ணீர் ஓடுகிறது. அணைத்த அடுத்த நிமிடம் மூன்றும் நின்றுவிடும். குழாயின் சூடு மட்டும் நிற்காது, பக்கத்தில் இருப்பதை அவித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே ஸ்டாட்டருக்கு மிகக் கெட்ட நேரம், வண்டி நின்ற பிறகு வரும் கால் மணித்தியாலம். செப்புக் கம்பி 100 பாகை (செல்சியஸ்) கூடுதலாகச் சூடானால் அதன் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். கரண்ட் குறையும், சொலனோயிட்டின் இழுவை குறையும், "டக்" என்று ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றுவிடும். பட்டரியில் ஒரு குறையும் இருக்காது.

பெற்றோல் எஞ்சினை ஏற்றத்தில் மிதித்தால் மெனிபோல்டுக்குள் போகும் புகை 800 பாகையையும் தாண்டும். அலுமினியமே 660இல் உருகிவிடும். சாதாரண பீவிசி வயர் தாங்குவது தரத்தைப் பொறுத்து 70 முதல் 105 பாகை வரைதான். டீசலில் புகைச்சூடு இதைவிடக் குறைவு, அதற்காக வயர் பிழைத்துவிடாது. இன்னொன்று: குழாய் 300 பாகையிலிருந்து 600க்கு ஏறினால் அது வீசும் அனல் இரண்டு மடங்காவதில்லை, ஐந்து மடங்குக்கும் மேலே போகிறது. அதனால்தான் டவுனுக்குள் ஓடும் வான் ஒன்றும் ஆகாமல் இருக்கும், ஒரு தரம் ஆள் நிறைத்துக்கொண்டு நுவரெலியா மலை ஏறி வந்தால் எல்லாம் கருகிக் கிடக்கும்.

அனல் வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில் வரும். நடுவில் ஒரு பளபளப்பான தகரம் நின்றால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், மிச்சத்தைத் தகரத்துக்குப் பின்னால் போகும் காற்று கொண்டுபோய்விடும். வெயிலுக்கு விறாந்தையில் கிடுகுத் தட்டி கட்டுவது மாதிரி. சுவரோடு ஒட்டிக் கட்டினால் சுவரும் சுடும், கொஞ்சம் விட்டுக் கட்டினால்தான் நிழல்.

உப்புவெளியில் தகர வேலை செய்யும் ஒருவரைப் பிடித்தேன். நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் கழித்துவிட்ட ஸ்டெயின்லெஸ் மேசைத் தகடு பழைய இரும்புக் கடையில் கிடந்தது, அதை வாங்கினோம். முதலில் காட்போட்டில் வெட்டி, கீழே படுத்துப் பிடித்துப் பார்த்து, திரும்ப வெட்டி, அளவு சரியான பிறகுதான் தகட்டில் கை வைத்தோம். இரண்டு படை, நடுவில் தடித்த வாஷர்கள் வைத்து ஒரு சென்றிமீற்றர் இடைவெளி. போல்ட் ஓட்டைகளை வட்டமாகத் துளைக்காமல் நீட்டி அராவச் சொன்னேன், ஏனென்றால் சூட்டில் தகடு நீளும். இறுக்கிப் பூட்டினால் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும், அதிலிருந்துதான் அந்தப் பிரபலமான கடகட சத்தம் பிறக்கிறது. விளிம்பை மடித்துவிட்டார், கை வெட்டாது, தகடும் அதிராது. வேலை முடிந்ததும் அழகுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கப் பிரஷை எடுத்தார் மனுசன். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கறுப்பு அனலைக் குடிக்கும், அடித்தால் பளபளப்புத் தகட்டின் பயன் பாதி போய்விடும்.

கூரைத் தகரம் போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதில் பூசியிருக்கும் துத்தநாகம் 420 பாகை அளவில் உருகும், பூச்சுப் போய்விடும். உங்களிடம் பழைய ஷீல்ட் இன்னும் இருந்து, சத்தம்தான் தொல்லை என்றால், வெடித்த ஓட்டைக்குப் பெரிய ஸ்டெயின்லெஸ் வாஷர் ஒன்று போட்டு இறுக்குங்கள், அல்லது குழாயோடு சேர்த்து ஒரு பெரிய ஹோஸ் கிளிப் போடுங்கள். சத்தம் போய்விடும், தகரமும் இருக்கும்.

ஸ்டாட்டர் வயரை மாற்றி, மேலே ஃபைபர் கிளாஸ் உறை மாட்டினேன். அந்த உறை கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அதற்குப் பிறகு ஹபரணையில் "டக்" கேட்கவில்லை. பழைய ஸ்டாட்டர் வீட்டில் சும்மா கிடந்தது, அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அந்த ரீகண்டிஷன் காசை யாரிடம் போய்க் கேட்பது?

சரி, ராப். யூரியூப்பில் பார்த்துவிட்டு இரண்டு பேர் கீழே கொமெண்டில் வந்து சண்டை பிடிப்பார்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். ராப் பொய் என்று நான் சொல்லவில்லை. ரேஸ்காரர் சுற்றுகிறார்கள், அவர்களுக்குப் புகை சூடாகவே வேகமாக வெளியே போக வேண்டும்; குழாய் போனால் வேறு குழாய் போடுவார்கள். நமக்கு அந்தக் கதை இல்லை. திருமலையில் மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்று, அதோடு ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் மழை. சாதாரண இரும்புக் குழாயில் அந்தத் துணியைச் சுற்றினால் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. என் மச்சான் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டைலாகச் சுற்றியிருந்தான். அடுத்த மாரி முடிந்து அவிழ்த்தபோது துணியோடு குழாயும் செதில் செதிலாகக் கையில் வந்தது. வார்ப்பிரும்பு மெனிபோல்டில் சுற்றினால் சூடு உள்ளேயே தேங்கி வெடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. ஒயில் கசியும் எஞ்சினில் சுற்றினால் ஒயில் ஊறிய திரியை அடுப்பில் வைத்த கணக்குத்தான்.

ஸ்டெயின்லெஸ் குழாய், ஒயில் கசிவே இல்லை, தகரம் வைக்க இடமும் இல்லை என்றால் மட்டும் சுற்றுங்கள். அப்போதும் கையுறை போட்டு. ராப்பிலிருந்து உதிரும் தூள் தோலில் பட்டால் இரவெல்லாம் சொறிவீர்கள். பழைய மெக்கானிக் பாஸ்மார் சிலர் படகு எஞ்சின் குழாய்க்குச் சுற்றும் அஸ்பெஸ்டஸ் கயிற்றை எடுத்துத் தருவார்கள். நல்ல மனதோடுதான் தருவார்கள், வாங்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

தகரத்துக்குப் போவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது புகைக் கசிவு. மெனிபோல்ட் கேஸ்கட் ஓரத்தில் கரி கோடு இழுத்திருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் குறைகிறதா? அப்படியென்றால் புகை ஊதுகுழல்போலப் பக்கத்து வயரை நேரே சுடுகிறது, எந்தத் தகரமும் உதவாது. முன் சீட்டுக்குக் கீழே எஞ்சின் இருக்கும் வானில் அந்தப் புகை உள்ளேயும் வரும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிப் பிள்ளைகளை நித்திரையாக்கிக்கொண்டு ஓடுகிறோம். கேஸ்கட்டை இன்றைக்கே மாற்றுங்கள்.

ஏசி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள் கோணேசர் கோயிலுக்குப் போனால், "இறங்கிக் கும்பிட்டுட்டு வாறம், ஏசியைப் போட்டு வை" என்பார்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆனி ஆடியில், நின்ற இடத்தில் ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டால் கீழே என்ன நடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "ரொறன்ரோவில் எங்கட காரை எவ்வளவு நேரமும் விடலாம்" என்றார் ஒருவர். விடலாம், அங்கே பனி பெய்கிறது. "இந்தப் பழசை இன்னும் ஏன் வைச்சிருக்கிறாய்?" என்று வேறு கேட்டார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டால் தலை சுற்றும். இதையெல்லாம் அவருக்கு விளக்கி என்ன பயன்? போகும்போது பேசிய ஹயர் காசில் குறைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரு பை சொக்லேட் தந்தார். எனக்குச் சீனி வருத்தம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழாய்க்குப் பக்கத்தில் பிரேக் அல்லது கிளச் ஒயில் ஹோஸ் போகிறதென்றால் அதை முதலில் கவனியுங்கள், வயரைப் பிறகு பார்க்கலாம். டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழசானால் 140லேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி, பெடல் பஞ்சுபோல இறங்கும். அந்த ஹோஸுக்குத் தகரம் வைப்பதைவிட, பாதையையே மாற்றி இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் கட்டுவதுதான் சரி.

படம் ஒன்று போட்டால் பார்த்துச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில், எஞ்சின் ஆறிய பிறகு, மெனிபோல்ட் பக்கமிருந்து எடுங்கள். கருகிய வயரும் குழாயும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், நடுவில் உங்கள் விரலை வைத்து எடுத்தால் இடைவெளி எவ்வளவு என்று விளங்கும்.