அல்பத்தைத் திறந்து வைத்தது யார்?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறோம். இவர் கட்டாரில் வேலை. மகளுக்கு 14 வயது. கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்கென்று வாங்கிய போன் இப்போது அவளுடையதாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவன் பேஸ்புக்கில் ‘தங்கச்சி’ என்று கதைக்கத் தொடங்கி, இப்போது தனியாக ஒரு படம் அனுப்பு என்கிறான். பயந்துபோய் என்னிடம் காட்டினாள். அவள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுப் படங்களைப் பார்த்துத்தான் முதலில் எழுதினானாம். போனைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டேன். இவளை எப்படித் திருத்துவது?

பதில்: தங்கச்சி, அவளைத் திருத்துவது இருக்கட்டும். ‘சாமத்திய வீட்டுப் படங்களைப் பார்த்துத்தான்’ என்று ஏதோ நேற்று மழை பெய்தது போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

அந்தப் படங்களை யார் போட்டது? பிள்ளையா?

உங்கள் அல்பத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. முதல் படத்திலேயே வாசலில் கட்டிய பெரிய பனர்: பிள்ளையின் பெயர், ஊர், திகதி. அடுத்தது பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்ப்பது, ஈரச் சேலையோடு குனிந்து நிற்கும் பிள்ளை. அப்புறம் பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு ஒன்று. கடைசியில் ‘அப்பா கட்டாரிலிருந்து வீடியோவில் வாழ்த்தினார்’ என்று ஒரு வரி. வீட்டில் ஆம்பிளை இல்லை என்பதையும் நீங்களே சொல்லிக் கொடுத்தாயிற்று. இருட்டினால் ரியூசனுக்குத் தனியே விடாத பிள்ளையை, நனைந்த உடுப்போடு ஊர் உலகத்துக்கே காட்டியிருக்கிறீர்கள். போடட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கனடாவில் இருக்கிற மாமா, மாமி பார்க்கத்தானே என்பீர்கள். அவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? எண்ணி இருபது பேருக்குத்தானே!

படத்தில் எங்கள் சனத்துக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கும் தெரியும். 2009இல் அல்பங்களைப் பதுங்குகுழியிலும் வழியிலும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். என் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதனால் எடுங்கள், வேண்டிய அளவு எடுங்கள். பிரிண்ட் போட்டு றங்குப்பெட்டியில் வையுங்கள். ஆனால் அந்த முகம் அவளுடையது. அதைக் காவல் காப்பதுதான் தாயின் வேலை. லைக் வாங்குவது அல்ல.

இரண்டாவது பிழை அலுமாரி. அவள் ஒளிக்கவில்லை, தானாக வந்து காட்டினாள். அதற்குப் பரிசாகப் பூட்டு! இனி எது நடந்தாலும் உங்களிடம் வருவாளா? போனை எடுத்துக் கொடுங்கள். இரவில் மட்டும் அது விறாந்தையில் சார்ஜில் கிடக்கட்டும், உங்கள் போனும் பக்கத்தில் கிடக்கட்டும்.

அவன் எழுதியதை அழிக்க வேண்டாம். அவனுடைய பக்கத்தையும் அந்தச் செய்திகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு, பேஸ்புக்குக்கு முறையிட்டு, பிறகு புளொக் பண்ணுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் காசில்லாமல் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் பாருங்கள். ஊரில் கதை பரவும் என்று பயந்து சும்மா இருந்தால், அவன் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எழுதுவான்.

இன்னொன்று. அவளுக்கு 13 வயதாகும் முன்பே பேஸ்புக் திறந்திருந்தால், பிறந்த ஆண்டைப் பொய்யாகத்தான் கொடுத்திருப்பீர்கள். அப்படியென்றால் பேஸ்புக்குக்கு அவள் வளர்ந்த ஆள். தெரியாதவர்களிடமிருந்து செய்தி வராமல் சின்னப் பிள்ளைகளின் கணக்குக்கு இருக்கிற தடை அவளுக்கு வேலை செய்யாது. அதைத் திருத்துங்கள்.

இன்றிரவு அவளைப் பக்கத்தில் இருத்தி அந்த அல்பத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். எது வேண்டாம் என்கிறாளோ அதை அவள் கையாலேயே அழிக்க விடுங்கள், மிச்சத்தை நண்பர்கள் மட்டும் பார்ப்பது போல மாற்றுங்கள். ஸ்டூடியோக்காரரும் விளம்பரத்துக்கென்று தங்கள் பக்கத்தில் போட்டிருப்பார்கள், நாளைக்கே போய் எடுக்கச் சொல்லுங்கள். கனடா மாமி கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.