பழைய படத்தில் இருப்பது எந்த விமானம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஆல்பம் ஒன்றில் பெயர் தெரியாத விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அடையாளம் காண எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பெயரை யூகிப்பதை முதலில் நிறுத்துங்கள். 'டகோட்டா மாதிரி இருக்கே' என்று மனதில் விழுந்துவிட்டால், அதற்கு ஒத்துவருவது மட்டும்தான் பிறகு கண்ணில் படும். எண்ண முடிந்ததை எண்ணி எழுதுங்கள்: எஞ்சின் எத்தனை, ஒரு பக்கத்தில் ஜன்னல் எத்தனை, வாலில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பு ஒன்றா இரண்டா. அடுத்து, எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறக்கை உடலின் மேலேயா, நடுவிலா, அடியிலா? எஞ்சின் முகப்பு வட்டமா, நீண்டு கூர்ந்ததா? மூன்றாவது சக்கரம் மூக்கிலா வாலிலா? இரண்டாம் உலகப் போரில் வானத்தைக் கண்காணித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையும் இதுதான்: இறக்கை, எஞ்சின், உடல், வால்.

புரொப்பெல்லர் பிளேடு எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். எஞ்சினை மாற்றும்போது அதையும் மாற்றிவிடுவார்கள். வால் துடுப்பின் வடிவமும், இறக்கை உடலோடு சேரும் இடமும் அவ்வளவு எளிதில் மாறாது.

அச்சுப் படமாக இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் 2400. ஓரங்களை வெட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்துத்தான் விமானத்தின் அளவைக் கணிக்க முடியும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பதிவெண்ணையும் ராணுவக் குறியையும் வைத்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

பதில்: பல நேரங்களில் ஆண்டுக்கணக்கில் சுருக்கிவிடலாம். அமெரிக்காவில் 1948 இறுதி வரை 'என்' எழுத்துக்குப் பின் இன்னொரு எழுத்து வரும். 'என்சி' என்றால் வணிகம், 'என்எக்ஸ்' என்றால் சோதனை, 'என்ஆர்' என்றால் கட்டுப்பாடுள்ள உரிமம். லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் என்எக்ஸ் 211. விமானி அமேலியா இயர்ஹார்ட்டின் எலெக்ட்ரா விமானம் என்ஆர் 16020. அரிய விமானம் தேடுபவருக்கு 'என்எக்ஸ்' கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அது முதல் மாதிரியாகவோ மாற்றியமைத்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்க ராணுவ நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்பு வட்டத்தை, ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமல் இருக்க 1942 மே மாதத்தில் நீக்கினார்கள். இருபுறமும் வெள்ளைப் பட்டை வந்தது 1943 ஜூன் இறுதியில். முதலில் அதற்குச் சிவப்பு விளிம்பு. சில மாதங்களிலேயே அது நீலமானது. பட்டைக்குள் சிவப்புக் கோடு தெரிந்தால் படம் 1947 அல்லது அதற்குப் பிந்தையது.

ராணுவ விமானத்தின் முழு எண் அது ஆர்டர் செய்யப்பட்ட ஆண்டோடு தொடங்கும்; வாலில் எழுதும்போது அந்த ஆண்டின் முதல் இலக்கம் இருக்காது. 'மெம்ஃபிஸ் பெல்' குண்டுவீச்சு விமானத்தின் முழு எண் 41-24485. வாலில் இருப்பது 124485. அருங்காட்சியக விமானங்களில் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். புகழ்பெற்ற வேறொன்றின் எண்ணைப் பூசி நிறுத்துவது வழக்கமான வேலை.

கேள்வி: முதல் உலகப் போர்ப் படம் ஒன்றில் பிரிட்டிஷ் வட்டக்குறியின் வெளிவளையம் வெளிறியும் நடுப்புள்ளி கறுத்தும் இருக்கிறது. வேறு நாட்டுக் குறியா?

பதில்: இல்லை, ஃபிலிமின் வேலை. அந்தக் கால ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் நடுப்புள்ளியின் சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் மங்கியும், வெளிவளையத்தின் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் பதியும். சாம்பல் நிறத்தை வைத்து வண்ணத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

கேள்வி: டிசி-3 (டகோட்டாவின் பயணிகள் வடிவம்) என்று நினைத்த படத்தில் கதவு வலப்பக்கம் இருக்கிறது. அப்படியானால் அதையே உரிமம் பெற்று சோவியத்தில் தயாரித்த லிசுனோவ் லி-2தானே?

பதில்: அவசரம் வேண்டாம். முதலில் நெகட்டிவ் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து இருந்தால் அதுவே சொல்லிவிடும். இல்லாவிட்டால் ஆண்களின் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே இருக்க வேண்டும். படம் நேராக இருந்தால் லி-2 ஆக இருக்கலாம். அதன் பயணிகள் கதவு வலப்பக்கம்தான். ஆனால் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-3களுக்கும் வலப்பக்கமே கதவு. இங்கே எஞ்சின் உறையின் வடிவமும் பதிவெண்ணும்தான் தீர்ப்புச் சொல்லும். காக்பிட்டுக்குப் பின்னால் கூடுதல் ஜன்னல்கள் இருந்தால் டிசி-3இன் ஜப்பானிய வடிவமான ஷோவா எல்2டி-யையும் கணக்கில் வையுங்கள். மூக்கு நுனியில் இரட்டை விளக்குகள், தட்டையான உடல் பக்கங்கள் என்றால் அது டிசி-3க்கு முந்தைய டிசி-2.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொரு ஜோடி ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-உம் அதன் ஸ்பானிய வடிவமான புச்சோனும். ஜெர்மன் எஞ்சினில் சிலிண்டர்கள் கீழ்நோக்கி இருப்பதால் புகைக்குழாய் வரிசை மூக்கின் அடிப்பகுதியில் வரும். புச்சோனில் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின். குழாய்கள் மேலே ஏறிவிடும், தாடையும் பருத்துத் தொங்கும். திரைப்படங்களில் 109 வேடம் கட்டியவை பெரும்பாலும் புச்சோன்களே. 109இன் செக்கோஸ்லோவாக்கிய வடிவமான அவியா எஸ்-199இல் குழாய் கீழேதான். அங்கே படகுத் துடுப்பு போல அகன்ற புரொப்பெல்லர் பிளேடுகளைப் பாருங்கள்.

கேள்வி: 1940ஆம் ஆண்டையொட்டிய அடையாளக் கையேடுகளில் 'ஹைன்கல் 113' என்று ஒரு போர் விமானம் வருகிறது. தயாரிப்புப் பட்டியல் எதிலும் இல்லையே?

பதில்: இருக்காது, அப்படி ஒரு விமானமே கிடையாது. கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருந்த ஹைன்கல் 100 விமானங்களுக்கு வெவ்வேறு படைப்பிரிவுக் குறிகளைப் பூசிப் படமெடுத்து, புதிய போர் விமானம் படையில் சேர்ந்துவிட்டதாக ஜெர்மனி பரப்பியது. பிரிட்டிஷ் விமானிகள் சிலர் வானில் அதைப் பார்த்ததாகவே அறிக்கை எழுதினார்கள். உங்கள் படக்குறிப்பில் '113' என்று இருந்தால் ஹைன்கல் 100 என்ற தலைப்பில் தேடுங்கள்.