பிரதர் என்றால் பாதிச் சாமியாரா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். மான்ட்ஃபோர்ட் பள்ளியைப் பார்த்ததும் அதை நடத்தும் சபையின் வரலாறு என்ன, மலைமேல் விடுதிப் பள்ளி நடத்துவதும் சேவையில் சேருமா என்று கேட்கத் தோன்றியது. அங்கிருப்பவர்கள் ஃபாதர் இல்லை, பிரதர் என்றார் டிரைவர். பூசை வைக்கும் ஃபாதராக, அதாவது குருப்பட்டம் வரை போக முடியாதவர்கள்தானே பிரதர்?

— ஒரு வாசகர், அம்மாபேட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். போன வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கிய பேருந்தில் ஒருவர் 'பாதிச் சாமியார்' என்ற சொல்லைச் சொன்னார். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டும் வரை அவரோடு வாதாடினேன். இப்போது நீங்கள்.

அந்தச் சபையின் தொடக்கம் லூயி தெ மான்ட்ஃபோர்ட். 1673இல் பிரான்சில் பிறந்தவர். ஊர் ஊராக நடந்தே போய்ப் பிரசங்கம் செய்த குரு. 1716 ஏப்ரல் 27 அன்று சாகக் கிடந்தபோது உயில் சொன்னார், மறுநாள் இறந்துவிட்டார். நிக்கோலா, ஃபிலிப், லூயி, கபிரியேல் என்று அவரோடு பணிசெய்த நான்கு சகோதரர்களின், அதாவது பிரதர்களின், பெயர் அந்த உயிலில் இருக்கிறது. நான்கு பேரில் ஒருவர்கூடக் குரு இல்லை. பிறகு நூறாண்டுக்கு மேல் மெலிந்து கிடந்த அந்தச் சகோதரர்களை 1821இல் தலைமைக்கு வந்த கபிரியேல் தெஷாய் தூக்கி நிறுத்தினார். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பாடம் சொல்வதுதான் அவர்கள் வேலையானது. 'புனித கபிரியேல் சகோதரர்கள்' என்ற பெயரும் அவரால் வந்ததுதான். 1901இல் பிரான்ஸ் அரசு துறவற சபைகளை நெருக்கும் சட்டம் போட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. பலர் நாட்டைவிட்டே கிளம்பினார்கள். அவர்களில் சிலர் 1903இல் திண்டிவனத்துக்கு வந்தார்கள். ஏற்காட்டுப் பள்ளி 1917இல் தொடங்கியது.

விடுதிப் பள்ளி சேவையா என்ற விவாதத்துக்குள் நான் வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் 'முடியாதவர்கள்' என்று எப்படி எழுதினீர்கள்? பூசை வைக்கும் அழைப்பு ஒன்று, பாடம் சொல்லும் அழைப்பு இன்னொன்று. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடும், அதாவது துறவிகள் கொடுக்கும் சத்தியமும், பிரதருக்கும் முழுசாகத்தான். பீடத்துக்குப் போகாமல் கரும்பலகை முன்னால் ஆயுள் முழுக்க நிற்கிறேன் என்று ஒருவர் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார். அதை நீங்கள் தோல்விக் கணக்கில் எழுதுகிறீர்கள். டாக்டர் ஆகாதவர்தான் வாத்தியார் ஆவார் என்று நம் வீடுகளில் பேசுவோமே, அதே புத்திதான் இது. கோபமாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் அப்பா புத்தகம் பைண்டிங் செய்யும் சின்னக் கடை வைத்திருந்தார். கிழிந்த நூலகப் புத்தகங்களைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு ஒரு வயதான பிரதர் மலையிலிருந்து பஸ்ஸில் வருவார். பசை காய்கிற வரை என் வகுத்தல் கணக்கைப் பார்ப்பார். தப்பை அடிக்க மாட்டார், பக்கத்தில் புதிதாக ஒரு கணக்கு எழுதித் தருவார். அம்மா மோர் கொடுத்து, "சாமி, நீங்க எந்தக் கோயில்ல பூசை வைக்கிறீங்க?" என்று கேட்டாள். "நான் சாமி இல்லம்மா, வாத்தியார்" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் எந்தக் குறையும் இல்லை. எனக்கு ஒன்பது வயது, ஆனாலும் அது புரிந்தது.

ஒருமுறை அப்பா மிச்சமான தாள்களைச் சேர்த்து, சிவப்பு காலிகோ துணி ஒட்டி, அவருக்கென்றே ஒரு நோட்டு தைத்துக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, அதில் என்ன எழுதினீர்கள் என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

"எனக்குக் கொடுத்தா அது எங்க வீட்டுக்கு எல்லாருக்கும் சேர்ந்ததுங்க. சமையல்கட்டுல பால் கணக்கு எழுதுறாங்க" என்றார்.

அப்பா அன்று இரவே இன்னொரு நோட்டு தைக்க உட்கார்ந்தார். அது பால் கணக்குக்கு என்றே, நீளவாக்கில் கோடு போட்டது.